ஃபோர்டா, ராமா, செவியா? டீசல் பிக்கப் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க டீசல் பிக்கப் பற்றி ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் சொல்லியிருந்தேன். "ஃபோர்டில் 6.0 லிட்டர் இன்ஜின் என்றால் வாங்கும் முன் நன்றாக யோசியுங்கள்" என்பதுதான் அது. அதற்கு டெக்சஸில் இருந்தும் ஜார்ஜியாவில் இருந்தும் இங்கே சென்னையில் இருந்தும் கூட மடல்கள் வந்து குவிந்துவிட்டன. சந்தேகம் கேட்டவர்களும் உண்டு, சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. இந்த இதழ் முழுக்க அவர்களுக்கே.

கேள்வி (டாலஸ் வாசகர்): எங்கள் அலுவலகத்தில் டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள். மதியச் சாப்பாட்டில் ஆரம்பித்தால் பேச்சு முடிவதே இல்லை. கேம்பர் டிரைலர் இழுக்க நானும் பழைய வண்டி ஒன்று பார்க்கிறேன். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: எல்லோரையும் பேச விடுங்கள், யாரையும் முழுசாக நம்பாதீர்கள். ஒருவர் அடுத்த கம்பெனி வண்டியில் என்ன கோளாறு என்று சொல்கிறாரே, அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். தன் வண்டி என்று வரும்போதுதான் பாதியை விழுங்கிவிடுவார்.

இந்தச் சண்டையில் யார் எதைச் செய்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. ஃபோர்டின் கனரகப் பிக்கப்பான சூப்பர் டியூட்டியில் பவர் ஸ்ட்ரோக், ராமில் (முன்பு டாட்ஜ்) கம்மின்ஸ், செவர்லே (சுருக்கமாக 'செவி'), ஜிஎம்சி இரண்டிலும் டியூராமேக்ஸ் என்று டீசல் இன்ஜின்கள், இது ஊரறிந்தது. ஆனால் 2010 மாடல் வரை வந்த பவர் ஸ்ட்ரோக் எதையும் ஃபோர்டு செய்யவில்லை, நேவிஸ்டார் என்ற கனரக லாரி கம்பெனி செய்து கொடுத்தது. கம்மின்ஸ் என்பது இண்டியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இருக்கும் தனிக் கம்பெனி, ராமுக்கு இன்ஜின் விற்கிறது, அவ்வளவுதான். டியூராமேக்ஸ், ஜெனரல் மோட்டார்ஸும் ஜப்பானின் இசுசுவும் கூட்டு சேர்ந்து ஒஹையோவில் மொரெய்ன் என்ற ஊரில் ஆலை போட்டுச் செய்தது. பின்கண்ணாடியில் ஒரு பையன் எதிர்க் கம்பெனி சின்னத்தின் மேல் ஒன்றுக்குப் போகிற மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்களே, பார்த்திருப்பீர்கள். அதை ஒட்டுகிறவர் கொடி பிடிப்பது ஒரு கம்பெனிக்கு, மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது இன்னொரு கம்பெனியின் சரக்கு.

அதனால் கம்பெனி பெயரைக் கேட்காமல் எந்த இன்ஜின், எந்த வருஷம் என்று கேளுங்கள். ஒரே 2003ஆம் வருஷத்து ஃபோர்டிலேயே இரண்டு டீசல் வந்தன: பழைய 7.3, புதிய 6.0. ஒன்றை இன்றைக்கும் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள், இன்னொன்றைக் கண்டால் விலகிப் போகிறார்கள். உங்கள் வேலைக்கு நான் சொல்வேன், 2003 முதல் 2007 தொடக்கம் வரை வந்த 5.9 கம்மின்ஸ், இல்லையென்றால் 2006–2007இல் வந்த எல்.பி.இசட் என்ற டியூராமேக்ஸ். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க முடிந்தால் 2017க்குப் பிந்தைய டியூராமேக்ஸ். ஏன் என்பது கீழே வரும் பதில்களில் தானாகத் தெரியும்.

கேள்வி (அட்லாண்டா வாசகர்): பதினைந்து வருஷமாக ஃபோர்டு மட்டும்தான் ஓட்டுகிறேன். 6.0 இன்ஜினை வாங்காதே என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அப்படி அதில் என்னதான் குறை? செவிக்காரர்கள் கிளப்பிவிட்ட வதந்தியை நீங்களும் நம்பிவிட்டீர்களா?

பதில்: வதந்தி இல்லை ஐயா. கோபம் வேண்டாம், விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு சின்னப் பாகம் அடைபட்டால் பெரிய இன்ஜின் எப்படிப் படுக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது.

புகை விதிகள் இறுகியபோது 7.3 இன்ஜினால் அதற்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதன் இடத்தில் நேவிஸ்டாரின் 6.0 வந்தது, 2003 முதல் 2007 வரை சூப்பர் டியூட்டியில் இருந்தது. இந்த இன்ஜினில் ஆயிலை ஆறவைக்கும் ஆயில் கூலர் இருக்கும் இடம், 'வி' வடிவில் நிற்கும் சிலிண்டர் வரிசைகளின் நடுப்பள்ளம். தகடு தகடாக அடுக்கிய அமைப்பு, கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் போகும் வழிகள் மிகக் குறுகல். இன்ஜினின் அடிக்கட்டான பிளாக்கை வார்த்தபோது ஒட்டிக்கொண்ட மணலும், கூலன்டில் இருந்து பிரிந்து படியும் சிலிகேட்டும் சேர்ந்து அந்த வழிகளை மெல்ல மெல்ல அடைத்துவிடும். சரி, ஆயில் கூலர்தானே அடைபட்டது, ஆயில் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதானே என்று நினைப்போம். அங்கேதான் வினை. அந்தக் கூலரைத் தாண்டி வரும் கூலன்ட்தான் அடுத்ததாக இ.ஜி.ஆர். கூலருக்குப் போகிறது. சைலன்சருக்குப் போகவேண்டிய கொதிக்கும் புகையில் ஒரு பகுதியைத் திருப்பி, ஆறவைத்து, மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் பாகம் அது. அதற்குக் கூலன்ட் சரியாக வராவிட்டால் உள்ளே இருப்பது கொதித்து ஆவியாகி, கூலர் விரிசல் விடும். கூலன்ட் காற்றோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும், சைலன்சரில் வெள்ளை வெளேரென்று ஆவி வரும், உள்ளே அழுத்தம் எகிறும்.

அந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியது சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். 6.0இல் ஒரு சிலிண்டரைச் சுற்றி நாலே போல்ட். முந்தைய 7.3இல் இதைவிட அதிகம். ஒருமுறை முறுக்கி இழுவை ஏற்றிவிட்டால் மறுபடி பயன்படுத்த முடியாத வகைப் போல்ட் வேறு. அவை நீண்டு கொடுத்ததும் ஹெட் லேசாகத் தூக்கும், கேஸ்கெட் போய்விடும். அதைச் சரிசெய்யப் பல பட்டறைகளில் என்ன செய்வார்கள் தெரியுமா? கேபினையே சேசிஸில் இருந்து கழற்றி லிஃப்டில் தூக்கி நிறுத்திவிட்டு, கீழே நின்று வேலை பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் கை நுழைவது எளிது. முன்பக்கம் ஃப்ரேமும் இன்ஜினும் தரையில் நிற்க, தலைக்கு மேலே சீட்டு, ஸ்டியரிங்கோடு கேபின் தொங்குவதைப் பார்த்த உரிமையாளருக்கு வயிற்றைக் கலக்காமல் என்ன செய்யும்?

ஃபோர்டுக்கும் நேவிஸ்டாருக்கும் வாரண்டி செலவை யார் ஏற்பது என்பதில் முட்டிக்கொண்டு, 2007 ஜனவரியில் ஃபோர்டு வழக்குப் போட்டது. நடுவில் நேவிஸ்டார் இன்ஜின் அனுப்புவதையே சில நாள் நிறுத்தியது. 2009 ஜனவரியில் சமரசமாகி, அந்த வருஷக் கடைசியோடு உறவு முடிந்தது. 2011 மாடலில் ஃபோர்டு தானே வடிவமைத்த 6.7 வந்துவிட்டது. நீங்கள் சொல்கிற மாதிரி இது செவிக்காரர் கட்டுக்கதை என்றால், ஃபோர்டே எதற்கு நீதிமன்றப் படி ஏறியது?

இதையும் சொல்லவேண்டும்: ஆயில் கூலரை மாற்றி, இ.ஜி.ஆர். கூலரைத் தரமானதாகப் போட்டு, போல்ட்டுக்குப் பதில் நல்ல ஸ்டட் ஏற்றிய 6.0 உழைக்கிற இன்ஜின்தான். உங்களிடம் அப்படி ஒன்று இருந்து அது ஓடிக்கொண்டிருந்தால் விற்காதீர்கள். சூடேறிய வண்டியை நெடுஞ்சாலையில் சீராக ஓட்டும்போது ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு ஸ்கேனரில் பார்த்துக்கொண்டே இருங்கள். 15 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் கூலர் அடைபட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அப்போதே மாற்றிவிட்டால் மேலே சொன்ன கதை எதுவும் நடக்காது.

கேள்வி (ஹூஸ்டன் வாசகி): என் கணவரின் அண்ணன் கம்மின்ஸ் பக்தர். "கம்மின்ஸ் சாகாது தம்பி, சுத்தி இருக்கிற ராம்தான் துருப்பிடிச்சு உதிரும்" என்று அடிக்கடி சொல்வார். இது உண்மையா?

பதில்: உங்கள் மச்சாண்டார் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1989இல் டாட்ஜில் வந்த 5.9 கம்மின்ஸ் அடிப்படையில் லாரிக்கும் விவசாய எந்திரங்களுக்கும் செய்யப்பட்ட பி-சீரிஸ் இன்ஜின். வரிசையாக ஆறு சிலிண்டர், ஒரே ஹெட், பாகங்கள் குறைவு, மெக்கானிக் கை வைக்கத் தாராளமாக இடம். அதே குடும்பத்து இன்ஜினை ஜாம்ஷெட்பூரில் டாடா கம்மின்ஸ் செய்து டாடா லாரிகளில் போட்டதால் நம் ஊர் லாரிக்காரர்களுக்கும் அதன் உழைப்பு நன்றாகத் தெரியும்.

ஆனால் "சாகாது" என்பது பக்தி. முதல் பத்து வருஷ இன்ஜின்களில் ஒரு விஷயம் உண்டு. முன்பக்கம் டைமிங் கியர் பெட்டியைப் பிளாக்கோடு நேராகப் பொருத்துவதற்காக ஒரு சின்ன எஃகு முளையை அடித்து இறக்கியிருப்பார்கள், சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்த வேறெதுவும் இல்லை. வருஷக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து மெதுவாக வெளியே நகர்ந்து, ஒருநாள் சுற்றும் பல்சக்கரங்களுக்கு நடுவில் விழுந்துவிடும். அப்புறம் பல் உடையும், பெட்டி உடையும், வால்வும் பிஸ்டனும் மோதவும் செய்யலாம். இதைக் கண்டுபிடித்து, பக்கத்துப் போல்ட்டுக்கு அடியில் ஒரு தகட்டுத் துண்டை வைத்து முளையின் வாயை மறைத்தால் போதும் என்று வழி சொன்னவர்கள் வண்டிக்காரர்களும் மெக்கானிக்குகளும்தான். தகட்டின் விலை அற்பம். அதை ஆலையிலேயே வைத்திருக்கலாமே என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதற்கு அடுத்து வந்த 24 வால்வு இன்ஜினில் டீசலை அழுத்தித் தருவது வி.பி.44 பம்ப். டீசலே அதற்குக் குளிர்ச்சியும் எண்ணெயும். டேங்கில் இருந்து டீசலைத் தள்ளிக் கொடுக்கும் சின்ன லிஃப்ட் பம்ப் நோஞ்சான், அது சத்தமில்லாமல் படுத்தால் பெரிய பம்ப்பும் பட்டினி கிடந்து போய்விடும். அதே காலத்துப் பிளாக்குகளில் '53' என்று எண் வார்த்திருந்தால் பக்கச் சுவர் விரிசல் விடும் என்பதால் வாங்கும் முன் குனிந்து எண்ணைப் பார்ப்பார்கள். 2007 நடுவில் வந்த 6.7இல் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரின் மின்னிணைப்புப் போல்ட் வெந்து உருகி உள்ளே விழுந்து சிலிண்டரைப் பதம் பார்க்கும். இதற்கு 2025 மாடலில்தான் கிரிட் ஹீட்டரையே விட்டுவிட்டு க்ளோ பிளக்குக்கு மாறினார்கள். அது எத்தனை வருஷம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்றையும் பக்தர்கள் பேசமாட்டார்கள். ராம் 2500, 3500 வண்டிகளில் 2013 முதல் 2019 வரை சுமார் 6 லட்சத்து 30 ஆயிரம் இன்ஜின்களில் புகைச் சோதனையை ஏய்க்கும் மென்பொருள் இருந்ததாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டி, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. தப்பு செய்ததாகக் கம்மின்ஸ் ஏற்கவில்லை, ஆனால் பணம் கட்டியது. அந்த நாட்டின் தூய காற்றுச் சட்டத்தில் அதுவரை இவ்வளவு பெரிய அபராதம் யாருக்கும் விழுந்ததில்லை.

கேள்வி (சென்னை, அம்பத்தூர் வாசகர்): நம் ஊரில் ஓடும் இசுசு டி-மேக்ஸில் இருப்பதும் இந்த டியூராமேக்ஸ்தானா?

பதில்: இல்லை. பெயர் காதுக்கு ஒட்டி வருகிறது, கம்பெனிக்கும் உறவு இருந்தது, ஆனால் சரக்கு வேறு. ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் டி-மேக்ஸில் நாலு சிலிண்டர் சின்ன டீசல். அமெரிக்க டியூராமேக்ஸ் 6.6 லிட்டர் வி8. இரண்டுக்கும் பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைக்காரர் யாராவது பொருந்தும் என்று சொன்னால் கடையை மாற்றுங்கள்.

கேள்வி (சான் அன்டோனியோ வாசகர்): ஃபோர்டையும் ராமையும் திட்டுகிறார்கள், டியூராமேக்ஸைப் பற்றி அவ்வளவாகப் பேச்சே இல்லையே? அப்படியானால் அதுதான் நல்லதா?

பதில்: பேச்சு இருக்கிறது, செவிக்காரர்கள் கொஞ்சம் அமைதியானவர்கள், அவ்வளவுதான். 2001இல் வந்த முதல் டியூராமேக்ஸான எல்.பி.7 ஓட்டுவதற்குச் சுகமான வண்டி, கூட வந்த அல்லிசன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு அன்றைக்கு ஈடில்லை. ஆனால் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் கசிந்தன. அவை வால்வு கவருக்கு அடியில் புதைந்திருப்பதால் கசிகிற டீசல் வெளியே தெரியாமல் நேராக ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருக்கும், மோந்தால் டீசல் வாடை அடிக்கும். புகார்கள் பெருகி, ஜெனரல் மோட்டார்ஸ் அந்த இன்ஜெக்டர்களுக்கு மட்டும் 7 வருஷம் அல்லது 2 லட்சம் மைல் வரை தன் செலவில் மாற்றித் தந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கெடு முடிந்து பல காலம் ஆகிறது, இன்றைக்கு எல்.பி.7 வாங்கினால் எட்டு இன்ஜெக்டரும் அவற்றைக் கழற்றும் கூலியும் உங்கள் தலையில்தான்.

அடுத்து வந்த எல்.எல்.ஒய். சுமை இழுத்து மேட்டில் ஏறும்போது சூடாகும். எல்.பி.இசட்தான் எல்லோரும் தேடுவது. முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் வைப்பது செவியின் வழக்கம். சவாரி மெத்தென்று இருக்கும், ஆனால் சக்கரத்தைத் திருப்பும் டை ராட் மெலிசு, சேற்றில் முறுக்கினால் வளையும். முழு ஆக்ஸில் வைத்திருக்கும் ஃபோர்டு, ராம் ஆட்கள் இதைச் சொல்லித்தான் செவியை மட்டம் தட்டுவார்கள். அவர்கள் தலையில் விழுகிற அடி அடுத்த கேள்வியில்.

கேள்வி (டென்வர் வாசகர்): நெடுஞ்சாலையில் ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் கையில் நிற்காமல் வண்டியே உதற ஆரம்பித்துவிட்டது. உயிர் போய் உயிர் வந்தது. என்ன இது?

பதில்: இதற்கு அங்கே 'டெத் வாபுள்' என்று பெயர். முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டிகளில் வரும், இரண்டு சக்கரமும் ஒரே இரும்பில் இணைந்திருப்பதால் ஒன்றின் ஆட்டம் மற்றொன்றைத் தூண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை, இவற்றில் எங்கோ தேய்மானம் இருக்கிறது. பட்டறையில் ஸ்டியரிங் டேம்பரை மட்டும் மாற்றிக் கொடுத்தால் நின்றுவிட்ட மாதிரி இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். ஒருவரை ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஆட்டம் விரலிலேயே தெரியும். ஓட்டும்போது வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, இறுக்கிப் பிடித்தபடி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். சரிசெய்யும் வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): எந்தக் கட்சியைக் கேட்டாலும் 'சிபி4' என்ற பெயரைச் சொன்னால் மட்டும் மூன்று பேரும் ஒரே குரலில் திட்டுகிறார்கள். என்ன அது?

பதில்: போஷ் செய்யும் உயர் அழுத்த டீசல் பம்ப். 2011இல் இருந்து ஃபோர்டு 6.7, 2011 முதல் 2016 வரை டியூராமேக்ஸ், 2019–2020 ராம், மூன்றிலும் இருந்தது. முந்தைய சிபி3 பம்ப்பை விட எடை குறைவு, அழுத்தம் கூடுதல், காகிதத்தில் பார்த்தால் முன்னேற்றம்தான்.

உள்ளே கேம் என்ற மேடுள்ள தண்டு சுழலும், அதன் மேல் ஒரு உருளை உருண்டு போகும், அந்த உருளையைத் தாங்கும் சின்னக் குவளை மேலும் கீழும் ஏறி இறங்கி டீசலை அழுத்தும். அந்தக் குவளை தன் இடத்தில் திரும்பிவிடாமல் இருக்க உறுதியான பிடிமானம் கிடையாது. அது கொஞ்சம் திரும்பினால் உருளை கேமுக்கு நேராக இல்லாமல் குறுக்கே நிற்கும், உருளாது, உராயும். இரும்பை இரும்பு அரைத்து, மினுமினுவென்று தூளாக, டீசலோடு கலந்து, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துத் தரும் ரெயில் என்ற குழாய்க்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் திரும்பும் குழாய் வழியாக டேங்க் வரைக்கும் போய்ச் சேரும். பம்ப்பை மட்டும் மாற்றிப் பிரயோஜனமில்லை, டீசல் தொட்ட அத்தனையையும் மாற்ற வேண்டும். பில் பத்தாயிரம் டாலரைத் தொடும்.

அமெரிக்காவில் இது ஏன் இத்தனை பேரைப் பாதித்தது? டீசலில் கந்தகத்தைக் குறைத்தபோது அதோடு சேர்ந்து இயற்கையான வழுக்கும் தன்மையும் போய்விட்டது. ஐரோப்பாவில் டீசலின் வழுக்கலைச் சோதிக்கும்போது தேய்மானத் தடம் 460 மைக்ரானைத் தாண்டக்கூடாது. இந்தியாவிலும் அதே 460தான். அமெரிக்காவில் 520 வரை விடுகிறார்கள். ஐரோப்பிய டீசலைக் குடித்து வளர்ந்த பம்ப்பை அப்படியே கொண்டுவந்து, இன்னும் வறண்ட டீசலில் ஓட விட்டிருக்கிறார்கள். பழைய டியூராமேக்ஸில் டேங்கில் தனி லிஃப்ட் பம்ப் கிடையாது, இந்தப் பம்ப்பே உறிஞ்சி எடுக்க வேண்டும், அதனால் காற்றுக் குமிழி வேறு சேர்ந்துகொண்டது. எந்த நாட்டு டீசல் எப்படி இருக்கும் என்பது இன்ஜின் செய்பவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அதனால் இதைப் பராமரிப்புக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வடிவமைப்புக் குறை என்றே சொல்கிறேன்.

வழக்குகளில் உரிமையாளர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன புகார், "உங்கள் டீசலில் தண்ணீர் இருந்தது, வாரண்டி கிடையாது" என்று கைவிரித்தார்கள் என்பதுதான். 2021 நவம்பரில் ராம் மட்டும் 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்து, பழைய சிபி3 பம்ப்பையே போட்டுக் கொடுத்தது. டியூராமேக்ஸ் 2017இல் டென்சோ பம்ப்புக்கு மாறிவிட்டது. மற்ற வண்டிகள் வைத்திருப்பவர்கள் ஃபியூல் ஃபில்டரைக் கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள், தண்ணீர் பிரிப்பானை அடிக்கடி திறந்து வடியுங்கள், வழுக்கலைக் கூட்டும் திரவத்தை ஒவ்வொரு டேங்க்கிலும் ஊற்றுங்கள். பம்ப் உடைந்தாலும் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் திருப்பிவிடும் பைபாஸ் கிட் கிடைக்கிறது, அதைப் போட்டால் பம்ப்போடு செலவு நின்றுவிடும். டீசல் போட்ட ரசீதுகளை எறியாதீர்கள், வாரண்டி வாதத்தில் அவைதான் சாட்சி.

கேள்வி (டாம்பா வாசகர்): டி.பி.எஃப். என்ற புகைக்கரி ஃபில்டர், இ.ஜி.ஆர். எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டால் பாதி தொல்லை ஒழியும் என்கிறார் மெக்கானிக். நண்பர்களும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். செய்யட்டுமா?

பதில்: செய்யாதீர்கள். அது அமெரிக்காவில் சட்டவிரோதம். அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பான இ.பி.ஏ. 2020 நவம்பரில் வெளியிட்ட கணக்குப்படி, பத்து வருஷத்தில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இப்படிக் கழற்றியிருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாகச் செய்தால் தப்பு சரியாகிவிடாது. அந்தப் புகை உங்கள் வீட்டு வாசலில், பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில், பின்னால் வரும் காரின் குழந்தை சீட்டில்தான் போய் விழுகிறது.

மெக்கானிக் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. கரியைப் பிடித்து வைக்கும் ஃபில்டர் அதை எரித்துச் சுத்தம் செய்ய நல்ல சூடு வேண்டும். 2008–2010 ஃபோர்டு 6.4இல் அந்தச் சூட்டுக்காகச் சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைத் தெளித்தார்கள், அது வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்து இன்ஜினையே கெடுத்தது. அது கம்பெனியின் குறை, மறுக்கவே முடியாது. ஆனால் உங்கள் வண்டி அதற்குப் பிந்தையது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும் குட்டி ஓட்டம்தான் ஃபில்டரை அடைக்கிறது. வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சுமையோடு ஓட்டுங்கள். அப்படிப்பட்ட ஓட்டமே உங்களுக்கு இல்லையென்றால் டீசல் உங்களுக்குத் தேவையில்லை, பெட்ரோல் பிக்கப் போதும்.

கழற்றியவர்களில் சிலர் வேண்டுமென்றே கரும்புகை கக்கவிட்டு, சைக்கிளில் போகிறவர்கள் மேலும் மின்சாரக் கார்கள் மேலும் அடிக்கிறார்கள். 2021 செப்டம்பரில் டெக்சஸின் வாலர் அருகே ஒரு பதினாறு வயதுப் பையன் சைக்கிள் குழு ஒன்றின் மேல் இப்படிப் புகை விடப் போய், ஆறு பேரை இடித்துத் தள்ளினான். வண்டி மேல் உள்ள ஆசைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): அமெரிக்கர்கள் டீசல் கார் என்றாலே ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

பதில்: பெரிய காரணம் 1978இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் 5.7 டீசல். செவி பிக்கப்பிலும் சில வருஷம் வந்தது. பெட்ரோல் இன்ஜின் செய்த அதே ஆலைக் கருவிகளை வைத்தே இதையும் செய்யவேண்டும் என்று ஹெட் போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் பெட்ரோல் இன்ஜினில் இருந்தபடியே விட்டார்கள். டீசலின் அழுத்தத்துக்கு அது போதவில்லை, கேஸ்கெட்டுகள் போயின. தண்ணீர் பிரிப்பானும் வைக்கவில்லை, பம்ப்புகள் துருப்பிடித்தன. பிளாக் என்னவோ கெட்டியானதுதான். இருந்தும் ஒரு தலைமுறையே டீசலை வெறுத்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் கழித்து 6.0இலும் அதே ஹெட் போல்ட்டில்தான் இடறினார்கள்.

கேள்வி (டாலஸ், இன்னொரு வாசகர்): டார்க் (சுழற்றும் விசை) யாருக்கு அதிகம்? ராம்தானே முதலில் ஆயிரத்தைத் தொட்டது?

பதில்: ஆமாம், 2019இல் ஆயிரம் பவுண்டு-அடி. அடுத்த வருஷமே ஃபோர்டு 1,050 என்றது, 2023இல் 1,200. இந்தப் போட்டி நிற்காது. டிரைலரில் முப்பதாயிரம் பவுண்டு ஏற்றுபவருக்கு அது முக்கியம். கேம்பர் இழுப்பவர் இந்த எண்களுக்காகப் பணத்தைக் கொட்டுவதை விட நல்ல டயரும் டிரைலர் பிரேக் கன்ட்ரோலரும் வாங்கலாம்.

கேள்வி (ஹூஸ்டன், இன்னொரு வாசகி): தோட்டப் பராமரிப்புத் தொழில் வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை பழைய டீசல் ஒன்றைப் பார்க்கப் போகிறேன். பெண் என்பதால் ஏமாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: பயம் வேண்டாம் அம்மா, வண்டிக்கு ஆண் பெண் தெரியாது. போகும் முன்பே விற்பவரிடம் "நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டி வைத்திருக்கிறார், அன்றைக்குத் திரும்பிவிட்டு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். டீசலின் நோய் பாதி, குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போதுதான் வெளியே வரும்.

ஸ்டார்ட் செய்ததும் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். கொஞ்ச நேரம் லேசாகப் புகை வருவது சகஜம், வெள்ளை ஆவி நிற்காமல் வந்து இனிப்பான வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. ஆயில் குச்சியில் அளவு கூடியிருந்தால், டீசல் வாடை அடித்தால் வேண்டாம். கூலன்ட் டப்பா ஓரத்தில் வெள்ளைப் படிவம் வழிந்து காய்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. 6.0 என்றால் இன்ஜெக்டர்களுக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியில் 48 வோல்ட் நிற்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள், 45க்குக் கீழே இறங்கினால் அது போகப்போகிறது. சைலன்சர் குழாயில் இடையில் புதிதாக வெல்டிங் செய்த நேர்க்குழாய் தெரிந்தால் ஃபில்டரைக் கழற்றியிருக்கிறார்கள், திரும்பப் பொருத்த ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் விட்டுவிடுங்கள்.

டீசல் வேலை மட்டும் பார்க்கும் தனிப் பட்டறை ஒன்றில் காசு கொடுத்து வண்டியைச் சோதிக்கச் சொல்லுங்கள், விற்பவர் சொல்லும் பட்டறை வேண்டாம். அந்த மெக்கானிக்கிடம் "இது நல்ல கம்பெனியா" என்று கேட்காமல், "இந்த வருஷ இன்ஜினில் எது முதலில் போகும், இதில் அது மாற்றியாகிவிட்டதா" என்று கேளுங்கள். அப்புறம் வண்டியின் வின் எண்ணை (ஒவ்வொரு வண்டிக்கும் உள்ள தனி அடையாள எண்) குறித்துக்கொண்டு, அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கம்பெனி திரும்ப அழைத்தும் செய்யாமல் விட்ட ரீகால் வேலை ஏதாவது இருந்தால் அதில் காட்டும். இருந்தால் அந்த வேலையைக் கம்பெனி டீலர் காசு வாங்காமல் செய்து தருவார், அதை முடித்துவிட்டு வந்து பேசலாம் என்று விற்பவரிடமே சொல்லுங்கள்.